உற்பத்தி நின்றுபோன கன்ட்ரோல் சிஸ்டங்களுக்கு ஸ்பேர் தேடுவதும் சோதிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1979-இல் வந்த சீமென்ஸ் எஸ்5, 1980-களில் வந்த ஆலன்-பிராட்லி பி.எல்.சி-5, அதற்குப் பின் வந்த ஜி.ஈ. ஃபேனக் 90-30 எல்லாம் மெஷின்களை இயக்கும் கன்ட்ரோல் கம்ப்யூட்டர்கள் (பி.எல்.சி.). இன்னும் பல ஆலைகளில் இவை இரவும் பகலும் ஓடுகின்றன. மெஷின் நன்றாக இருக்கிறது, ப்ரோக்ராம் நன்றாக இருக்கிறது, அதில் செருகும் கார்டு மட்டும் கடையில் இல்லை. இந்த நிலையில் இருக்கும் மெயின்டனன்ஸ் ஆட்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது: உங்கள் ராக்கில் (கார்டுகளைச் செருகும் சட்டம்) உங்கள் ப்ரோக்ராமோடு ஓட்டிப் பார்க்காத கார்டை நான் ஸ்பேர் என்று எண்ணுவதில்லை.

நிறுத்திவிட்டதாகக் கம்பெனி அறிவித்தால், அன்று முதலே பாகம் கிடைக்காதா?

கிடைக்கும், ஆனால் கொஞ்ச காலத்துக்குத்தான். பெரிய கம்பெனிகள் படிப்படியாகவே விலகுகின்றன. ஆலன்-பிராட்லியின் தாய்க் கம்பெனியான ராக்வெல் தன் பொருள்களை நான்கு நிலைகளில் வைக்கிறது: விற்பனையில் இருப்பது, புதியது வந்துவிட்டாலும் இன்னும் விற்கப்படுவது, முடிவு தேதி சொல்லப்பட்டது, நிறுத்தப்பட்டது. பி.எல்.சி-5 அந்தக் கடைசி நிலைக்கு 2017 ஜூனில் வந்தது. சீமென்ஸ் எஸ்7-300 வரிசையைச் சாதாரண விற்பனையிலிருந்து 2023 அக்டோபரில் எடுத்தது. ஸ்பேர் பாகமாக 2033 வரை தருவதாகச் சொல்லியிருக்கிறது.

உங்களுக்கு முக்கியமானது மூன்றாவது நிலை. அந்த அறிவிப்பில் கடைசி ஆர்டர் தேதி இருக்கும். புதுப் பாகத்தை உத்தரவாதத்தோடும் நியாயமான விலையிலும் வாங்க அதுதான் கடைசி வாய்ப்பு. ஆலையில் யாராவது ஒருவர் வருடத்துக்கு இரண்டு முறை எல்லா மாடல்களின் நிலையையும் பார்த்துக் குறித்து வைத்தால் போதும். அரை நாள் வேலை. அதைச் செய்யாமல் தேதியைத் தவறவிட்ட ஆலைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வாங்குவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

பேனலைத் திறந்து, என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும். டிராயிங்கைப் பார்த்து எழுதக் கூடாது. இருபது வருடத்தில் யாரோ அவசரத்துக்கு மாற்றிய கார்டு டிராயிங்கில் ஏறியிருக்காது. ஒவ்வொரு கார்டுக்கும் முழு ஆர்டர் எண், சீரிஸ் எழுத்து, ரிவிஷன் எண், ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) பதிப்பு, ஸ்லாட், டிப் சுவிட்ச்கள் (கார்டின் மேலுள்ள குட்டி செட்டிங் சுவிட்ச்கள்) நிற்கும் நிலை ஆகியவற்றைக் குறியுங்கள். பின்பக்க ஸ்டிக்கரையும் டிப் சுவிட்சையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இதற்குக் கார்டைக் கழற்ற வேண்டும் என்பதால் ஷட்டவுனுக்குக் காத்திருந்து செய்யுங்கள்.

அதே ஷட்டவுனில், கார்டைத் தொடும் முன்பே ப்ரோக்ராமை பேக்கப் எடுத்துவிடுங்கள். பழைய சிபியு (ப்ரோக்ராமை ஓட்டும் முக்கியக் கார்டு) பலவற்றில் ப்ரோக்ராம் பேட்டரி தாங்கும் ரேமில் இருக்கிறது. பேட்டரி தீர்ந்த நிலையில் கரன்ட் போனால் ப்ரோக்ராமும் போய்விடும். அப்போது அலமாரியில் பத்து சிபியு இருந்தாலும் மெஷின் ஓடாது. ஈப்ராமில் (பேட்டரி இல்லாமலே ப்ரோக்ராமைத் தாங்கும் சிப்) இருந்தால் அந்தச் சிப்பையும் ஒரு ரீடரில் படித்து ஃபைலாகச் சேமியுங்கள். அதன் மேலிருக்கும் கண்ணாடி ஜன்னலை மறைக்கும் ஸ்டிக்கர் விழுந்திருந்தால் புதிதாக ஒட்டுங்கள், புற ஊதா ஒளி பட்டால் ப்ரோக்ராம் அழியும். பேட்டரியை மாற்றுவது பெரும்பாலான மாடல்களில் பவர் ஆனில் இருக்கும்போது செய்ய வேண்டிய வேலை. ஆஃப் செய்துவிட்டு பேட்டரியை உருவி ப்ரோக்ராமை இழந்தவர்கள் நிறையப் பேர். மேனுவலில் அந்தப் பக்கத்தைப் படித்த பிறகே கை வையுங்கள்.

எந்தப் பாகம் முதலில் போகும்?

என் அனுபவத்தில் வரிசை இதுதான்: பவர் சப்ளை, ஆபரேட்டர் ஸ்கிரீன், ரிலே அவுட்புட் கார்டு, மற்ற அவுட்புட் கார்டுகள், கம்யூனிகேஷன் கார்டு. இன்புட் கார்டும் சிபியுவும் அவ்வளவு எளிதில் போவதில்லை. ஆனால் வாங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் சிபியுவைத்தான் தேடுகிறார்கள்.

பவர் சப்ளை முதலில் போவதற்குக் காரணம் அதிலுள்ள எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர். உள்ளே இருக்கும் திரவம் மெல்ல ஆவியாகிறது. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது துறையில் பழகிய கணக்கு. 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று போட்டிருக்கும் கெபாசிட்டர் 65 டிகிரியில் 32,000 மணி நேரம் தாங்கும். விடாமல் ஓடும் மெஷினில் அது நான்கு வருடம்கூட இல்லை. 45 டிகிரியில் அதுவே 14 வருடத்தைத் தாண்டும். ஆகவே பேனலின் ஃபேன் ஃபில்டரைச் சுத்தம் செய்வதும் ஒரு வகையில் ஸ்பேர் சேமிப்புதான்.

எத்தனை வாங்கி வைப்பது?

பழைய பழுதுப் பதிவேட்டை எடுங்கள். ஒரு வகைக் கார்டில் ஆறு வருடத்தில் மூன்று போயிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு அரை. இன்னும் பத்து வருடம் ஓட்ட வேண்டுமென்றால் சராசரியாக ஐந்து தேவைப்படும். ஐந்து வாங்கினால் போதாது, ஏனென்றால் சராசரியை மீறிப் போவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. பாய்சான் கணக்குப்படி (எப்போதாவது நடக்கும் பழுதுகளுக்கான நிகழ்தகவுக் கணக்கு) 95 சதவீதத்துக்கு மேல் நிம்மதி வேண்டுமென்றால் ஒன்பது வைத்திருக்க வேண்டும். போனதைச் சரிசெய்து திரும்ப அலமாரிக்குக் கொண்டுவர நல்ல ரிப்பேர் ஆள் இருந்தால் மூன்று நான்கிலேயே சமாளிக்கலாம். கார்டுகளுக்கு வயதாக ஆக பழுது கூடும் என்பதால், இந்தக் கணக்கை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திருத்த வேண்டும்.

எங்கே தேடுவது?

முதலில் உங்கள் ஆலைக்குள்ளேயே தேடுங்கள். நிறுத்திவைத்த லைன், பயன்படாத பைலட் மெஷின், ஸ்டோரில் பழைய எண்ணில் கிடக்கும் பெட்டி என்று பல இடங்களில் கிடைக்கும். ஒரு ஆலையில் மூன்று மாதமாக வெளியே தேடிய கம்யூனிகேஷன் கார்டு, ஓடாத பேக்கிங் மெஷினின் பேனலில் தூசியோடு உட்கார்ந்திருந்தது.

அடுத்து, தயாரித்த கம்பெனியின் ரிப்பேர், எக்ஸ்சேஞ்ச் பிரிவு. புதுக் கார்டு நின்ற பிறகும் இது சில வருடம் நடக்கும். மூன்றாவதாக, அதே சிஸ்டத்தைக் கழற்றப்போகும் வேறு ஆலைகள். அங்கே கிடைப்பது கேபினெட்டில் கடைசி நாள் வரை ஓடிய, முழு செட்டாக வரும் பொருள். ராக், டெர்மினல் பிளாக், கேபிள், ஏன் மேனுவல்கூடக் கிடைக்கும். முன்பகுதி கனெக்டர்களை மறக்காமல் கேளுங்கள். கார்டைவிட அவை கிடைப்பதுதான் பல நேரம் கடினம்.

அதற்குப் பிறகுதான் உபரிப் பொருள் வியாபாரிகள், கடைசியாக இணைய ஏலம். வியாபாரியிடம் நான் கேட்பது மூன்று: சோதித்தீர்களா, எப்படிச் சோதித்தீர்கள், என்னிடம் வந்து ஓடாவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பி எடுப்பீர்கள். இரண்டாவது கேள்விக்கு, “பவர் கொடுத்தோம், லைட் எரிந்தது” என்று பதில் வந்தால், அதைச் சோதிக்காத கார்டு என்றே எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள். ஸ்டிக்கர் தெரியும்படி அந்தக் கார்டையே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கேட்டலாக் படம் போதாது.

‘புதிது’, ‘உபரி’, ‘புதுப்பித்தது’ எல்லாம் ஒன்றா?

இல்லை, விற்பவரும் வாங்குபவரும் ஒரே சொல்லுக்கு வேறு வேறு பொருள் வைத்திருப்பார்கள். பெட்டி பிரிக்காத புதுப் பொருளாகவே இருந்தாலும், 1995-இல் செய்தது என்றால் அதன் கெபாசிட்டருக்கும் அத்தனை வயதுதான். அலமாரியில் இருந்தாலும் அது மூப்படையும். கெபாசிட்டர்களை மாற்றி, லோடில் ஓட்டி, அறிக்கையோடு வரும் பழைய கார்டை நான் சீல் உடையாத முப்பது வருடப் பெட்டியைவிட அதிகம் நம்புவேன், பவர் சப்ளை விஷயத்தில் நிச்சயமாக. “உள்ளது உள்ளபடி” என்று விற்பதை உதிரிக்காக உடைக்க மட்டும் வாங்குங்கள்.

எண் ஒன்றாக இருந்தும் கார்டு ஏன் ஓடவில்லை?

முழு எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். சிபியு 315-2 டிபி என்ற ஒரே பெயரில் எஸ்7-300 வரிசையில் பல தலைமுறைகள் வந்தன. ஆர்டர் எண்ணின் நடுவில் ஏஎஃப்03 என்று வரும் பழையது மெமரி கார்டு இல்லாமலும் ஓடும். ஏஜி10 என்று வரும் புதியதற்கு எம்எம்சி என்ற மெமரி கார்டு இல்லையென்றால் ப்ரோக்ராம் ஏற்ற இடமே இல்லை. ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டால் ஹார்டுவேர் கான்ஃபிகரேஷனையும் மாற்ற வேண்டும். பயன்படுத்திய சிபியுக்கள் பெரும்பாலும் எம்எம்சி இல்லாமல்தான் விற்பனைக்கு வருகின்றன. அதைத் தனியாக வாங்கும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அந்தக் கார்டைச் சாதாரணக் கம்ப்யூட்டர் கார்டு ரீடரில் ஃபார்மட் செய்துவிடாதீர்கள், பிறகு பி.எல்.சி. அதை ஏற்காது.

ஆலன்-பிராட்லியில் கேட்டலாக் எண்ணுக்குப் பின்னால் வரும் சீரிஸ் எழுத்துதான் கவனிக்க வேண்டியது. சீரிஸ் ஏ இருந்த இடத்தில் சீரிஸ் சி பெரும்பாலும் ஓடும், திருப்பிப் போட்டால் ஓடும் என்று நம்ப முடியாது. எதுவுமே வேறுபடவில்லை, ஆனாலும் ஓடவில்லை என்றால் டிப் சுவிட்சையும் ஜம்பரையும் பழைய கார்டின் போட்டோவோடு ஒப்பிடுங்கள். பாதி நேரம் காரணம் அங்கேதான் இருக்கிறது.

பாஸ்வேர்ட் போட்ட சிபியு வந்தால், உள்ளே இருப்பதை அழித்துத் திறக்க அந்த மாடலில் வழி இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே மேனுவலில் பாருங்கள்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

முழுக் கார்டையே போலியாகச் செய்வது குறைவு. பழைய கார்டைக் கழுவிப் புது ஸ்டிக்கர் ஒட்டுவதும், ரிப்பேரில் மலிவான போலிச் சிப்பை வைப்பதும்தான் அதிகம்.

சிப்களின் மேலுள்ள நான்கு இலக்க தேதிக் குறியீட்டைப் படியுங்கள். 9423 என்றால் 1994-இன் 23-ஆவது வாரம். கார்டு 1994-இல் செய்தது, ஒரு சிப்பில் மட்டும் 0612 என்று இருந்தால், அதை 2006-இலோ அதற்குப் பிறகோ யாரோ மாற்றியிருக்கிறார்கள். மாற்றியது தவறில்லை, ‘பெட்டி பிரிக்காதது’ என்று சொல்லி விற்றதுதான் பொய். சந்தேகப்படும் சிப்பின் மேற்பரப்பைப் பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் துடைத்தால், மேலே பூசி அச்சடித்த கருப்பு சில நேரம் பஞ்சில் வந்துவிடும். ஒரே வகைச் சிப்கள் வரிசையாக இருந்தால் எழுத்துரு, அச்சின் ஆழம், முதல் காலைக் காட்டும் குழி ஆகியவை ஒன்றுபோல் இருக்கின்றனவா பாருங்கள். பின்பக்கத்தில் பசைபோல் ஃப்ளக்ஸ் மிச்சம், கோட்டிங் சுரண்டிய தடம், ஸ்க்ரூ தலையில் கீறல் எல்லாம் கை பட்டதன் அடையாளம்.

வந்ததும் பவர் கொடுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம். கையில் ரிஸ்ட் ஸ்ட்ராப் மாட்டி, கவரைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். உப்பிய கெபாசிட்டர், அதன் அடியில் பழுப்பு ஈரம், மீன் நாற்றம், பச்சை பூத்த ட்ரேஸ் (போர்டின் செம்புக் கோடு), கசிந்த பேட்டரி, கருகிய ரெசிஸ்டர், வளைந்த பின் இவற்றைத் தேடுங்கள். வளைந்த பின்னோடு ஒரு கார்டை ராக்கில் தள்ளினால் ராக்கும் போகும். பிறகு மல்டிமீட்டரில் சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஷார்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒன்றைத் திட்டமாகச் சொல்கிறேன்: புதிதாக வந்த எந்தக் கார்டையும் ஓடும் மெஷினின் ராக்கில் முதல் முறையாகப் போடாதீர்கள். கெட்ட கார்டு ஒன்று 5 வோல்ட் லைனை இழுத்துப் பிடித்து மொத்த ராக்கையும் நிறுத்திய நாளை நான் பார்த்திருக்கிறேன். அன்று எட்டு மணி நேரம் உற்பத்தி போனது. சோதித்திருந்தால் பத்து நிமிட வேலை.

பவர் சப்ளையை எப்படிச் சோதிப்பது?

லோடோடுதான். லோடு இல்லாமல் 5 வோல்ட் காட்டுவது எதையும் நிரூபிக்காது. சில ஸ்விட்சிங் சப்ளைகள் குறைந்தபட்ச லோடு இல்லாமல் ஒழுங்காக ஓடவும் செய்யாது.

பல வருடம் சும்மா இருந்த சப்ளைக்கு முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது வரிசையில் ஒரு பல்பைச் சேருங்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து சப்ளையைக் காப்பாற்றும். பெரிய டி.சி. கெபாசிட்டர்கள் உள்ள மோட்டார் டிரைவ்களுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ரீஃபார்மிங் முறை இருக்கும், வோல்டேஜை மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். அதைத் தாண்டி நேராக முழு வோல்டேஜ் கொடுத்தால் கெபாசிட்டர் வெடிக்கலாம்.

சப்ளை உயிரோடு இருக்கிறது என்று தெரிந்ததும் பல்பை எடுத்துவிட்டு பாதி லோடு, பிறகு முழு லோடு கொடுங்கள். 5 வோல்ட் லைன் 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் நிற்க வேண்டும். அடுத்து ஆசிலாஸ்கோப்பில் ரிப்பிள் (டி.சி. வோல்டேஜின் மேல் ஏறிவரும் சின்ன அலை) பாருங்கள். புரோபின் கிரவுண்ட் வயரை மிகக் குட்டையாக வையுங்கள், இல்லாவிட்டால் சுற்றியுள்ள இரைச்சலைத்தான் அளப்பீர்கள். 100 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் அந்தச் சப்ளையை நான் கெபாசிட்டர் மாற்றாமல் உள்ளே விடுவதில்லை. மல்டிமீட்டர் இந்த ரிப்பிளைக் காட்டாது. வாரம் ஒருமுறை காரணமில்லாமல் சிபியு நிற்கிறது என்று வரும் புகார்களில் பல, மீட்டரில் 5.02 காட்டிய சப்ளையால் வந்தவைதான். முழு லோடில் இருக்கும்போதே இன்புட் வோல்டேஜைக் குறைத்து, அனுமதித்த கீழ் எல்லை வரை அவுட்புட் அசையாமல் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

இன்புட், அவுட்புட் கார்டுகளை?

ஒவ்வொரு சேனலையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். பதினாறில் பதினைந்து நன்றாக இருந்து, ஒன்று மட்டும் போன கார்டுதான் விற்பனைக்கு வருவதில் அதிகம்.

24 வோல்ட் இன்புட் என்றால் மாற்றக்கூடிய சப்ளையில் 0-விலிருந்து மெல்ல ஏற்றுங்கள். ஐஇசி 61131-2 தரத்தின் முதல் வகைக் கார்டு 5 வோல்ட் வரை ஆஃபாகவே இருக்க வேண்டும், 15 வோல்ட்டில் கட்டாயம் ஆன் ஆகியிருக்க வேண்டும். இடையில் எங்கே மாறுகிறது என்று குறியுங்கள். மற்ற சேனல்கள் 9 வோல்ட்டில் மாறும்போது ஒன்று மட்டும் 14-இல் மாறினால், அதன் ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் பாகம்) களைத்துவிட்டது என்று அர்த்தம். இன்று ஓடும், நீளமான கேபிளில் கொஞ்சம் வோல்டேஜ் குறைந்தால் நிற்கும்.

அவுட்புட்டுக்கு லோடு கட்டாயம். 24 வோல்ட், அரை ஆம்பியர் டிரான்சிஸ்டர் அவுட்புட்டுக்கு 48 ஓம் வேண்டும். அது 12 வாட் சூடாகும் என்பதால் 25 வாட் ரெசிஸ்டர் போடுங்கள். அதோடு ஒரு சோலனாய்டு காயிலையும் ஆயிரம் முறை ஆன், ஆஃப் செய்து பாருங்கள். ரெசிஸ்டரில் பாஸ் ஆகி, காயிலில் செத்துப்போகும் கார்டுகள் உண்டு. ரிலே கார்டில் லோடு கரன்ட் ஓடும்போது கன்டாக்டின் இரு முனைக்கு இடையே வோல்டேஜ் அளந்தால் கருகிய கன்டாக்ட் உடனே தெரியும். ஏ.சி. டிரையாக் கார்டில் (ரிலேவுக்குப் பதில் செமிகண்டக்டரால் ஏ.சி.யை ஆன், ஆஃப் செய்யும் கார்டு), லோடு இல்லாமல் மீட்டர் வைத்தால் ஆஃப் நிலையிலும் ஏறக்குறைய முழு வோல்டேஜ் காட்டும். அது கசிவு கரன்ட். அதைப் பார்த்து நல்ல கார்டுகளைத் தூக்கி எறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

அனலாக் கார்டுக்கு 4, 8, 12, 16, 20 மில்லிஆம்பியர் ஐந்து புள்ளிகளையும் ஏறும் திசையிலும் இறங்கும் திசையிலும் கொடுங்கள். எஸ்7-இல் 4-20 ரேஞ்சில் 12 மில்லிஆம்பியருக்கு சிபியுவில் 13824 என்ற எண்ணும், 20-க்கு 27648-ம் வர வேண்டும். கார்டு குளிராக இருக்கும்போதும் இரண்டு மணி நேரம் சூடான பிறகும் ஒரு முறை குறியுங்கள்.

சிபியுவையும் கம்யூனிகேஷன் கார்டையும்?

உங்கள் ப்ரோக்ராமை ஏற்றி ஓட்டுங்கள். மாதிரி ப்ரோக்ராம் போதாது. உங்கள் ப்ரோக்ராமின் அளவு, அது கூப்பிடும் ஃபங்ஷன்கள், ஃபர்ம்வேர் தேவை எல்லாம் அப்போதுதான் சரிபார்க்கப்படும். ஏற்றும் முன், பழைய முதலாளியின் ப்ரோக்ராமை முழுவதும் அழித்துவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது பத்து முறை பவரை எடுத்துப் போடுங்கள். பேட்டரியோடு ஒரு இரவு ஆஃபில் வைத்து, காலையில் ப்ரோக்ராம் இருக்கிறதா பாருங்கள். கம்யூனிகேஷன் போர்ட் ஒவ்வொன்றையும் அதன் உண்மையான கேபிளில், உண்மையான வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

எத்தனை நேரம் ஓடவிடுவது?

நான் 72 மணி நேரம் வைக்கிறேன், ஆலை அவசரப்படுத்தினால் 24. முடிந்தால் கார்டின் அனுமதித்த எல்லைக்குள் பேனல் வெப்பத்துக்கு ஏற்றிவிட்டு ஓட்டுங்கள். ஏற்றி இறக்கும்போதுதான் விரிசல் விட்ட சால்டர் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

சோதிக்க என்னென்ன வேண்டும்?

ஒரு ராக், நல்ல சப்ளை, ஒரு சிபியு, சுவிட்ச் பேனல், லோடு ரெசிஸ்டர்கள், 4-20 மில்லிஆம்பியர் கேலிப்ரேட்டர். இவற்றைவிடத் தேடிப்பிடிக்கக் கடினமானது பழைய லேப்டாப். எஸ்5-இன் ப்ரோக்ராமிங் போர்ட் 20 மில்லிஆம்பியர் கரன்ட் லூப்; அதற்கு மாற்றுக் கேபிளும், உண்மையான சீரியல் போர்ட் உள்ள கம்ப்யூட்டரும் இருந்தால் தலைவலி குறையும். யூஎஸ்பி மாற்றிகள் சில நேரம் ஓடும், சில நேரம் பாதி டவுன்லோடில் நிற்கும். அப்படி ஒரு லேப்டாப் இருந்தால் அதன் டிஸ்க்கை முழுதாக நகலெடுத்து, லைசென்ஸோடு இரண்டு இடத்தில் வையுங்கள். அந்த லேப்டாப்பும் உங்கள் ஸ்பேர் பட்டியலில் ஒன்று.

சோதித்த கார்டை எப்படி வைப்பது?

பேட்டரியைக் கழற்றி, ஆன்டிஸ்டாட்டிக் பையில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு, வெப்பமும் ஈரமும் ஏறி இறங்காத அறையில் வையுங்கள். பாய்லருக்குப் பக்கத்து ஸ்டோர் ரூம் வேண்டாம். பையின் மேல் சோதித்த தேதி, சோதித்தவர், ஃபர்ம்வேர், டிப் சுவிட்ச் நிலை, அளந்த எண்கள் எழுதிய தாளை ஒட்டுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் பையைத் திறப்பவர் நீங்களாக இருக்க மாட்டீர்கள். சப்ளைகளையும் டிரைவ்களையும் வருடம் ஒருமுறை பவர் கொடுத்து ஓட்டுங்கள்.

சேஃப்டி பி.எல்.சி., பர்னர் கன்ட்ரோல் போன்றவற்றுக்கும் இதே வழியா?

இல்லை. ஆளைக் காக்கும் கருவிக்கு வரலாறு தெரியாத பழைய பாகம் வேண்டாம். அது தயாரிப்பாளரிடமிருந்தோ அவர் அங்கீகரித்த ரிப்பேர் இடத்திலிருந்தோதான் வர வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்தச் சிஸ்டத்தை மாற்றும் நேரம் வந்துவிட்டது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

எப்போது புது சிஸ்டத்துக்கு மாறுவது?

ஒரு முக்கியக் கார்டுக்கு உங்கள் கையிருப்பு கணக்கில் வந்த எண்ணுக்குக் கீழே போய், மறுபடி வாங்கவும் வழியில்லை என்றால் திட்டத்தை ஆரம்பித்துவிடுங்கள். டிராயிங், ப்ரோக்ராம் மாற்றம், ட்ரையல் எல்லாம் சேர்ந்து மாதக்கணக்கில் ஆகும் வேலை இது. ஒரே சிஸ்டத்தில் நான்கு லைன் இருந்தால் நான்கையும் ஒரே வருடத்தில் மாற்ற வேண்டியதில்லை. அதிகம் பழுதாகும் லைனை முதலில் மாற்றுங்கள். அதிலிருந்து கழற்றும் கார்டுகள் மற்ற மூன்றுக்கும் ஸ்பேர் ஆகும். கழற்றும் அன்றே ஸ்லாட் எண்ணோடு லேபிள் ஒட்டி, மேலே சொன்ன சோதனைகளைச் செய்து பையில் போடுங்கள். பழைய பேனலை ஸ்கிராப்காரரிடம் கொடுப்பதற்கு முன் டெர்மினல் பிளாக், முன் கனெக்டர், கேபிள்களை எடுத்துவிட்டீர்களா என்று ஒரு முறை திறந்து பாருங்கள்.